கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனைக்கு முதல் முறை போகும் பெண்களே... 5 நிமிட சோதனைக்கு பயம் வேண்டாம்

திண்டுக்கல்,

"காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரிக்கு போறோம். பல்லு வலிச்சா போறோம். எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே, நான் எதுக்கு அந்த சோதனைக்கு போகணும்?"

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனை பற்றி பேச்செடுத்தால் பெரும்பாலான பெண்கள் சொல்லும் பதில் இதுதான். ஆனால் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே போக வேண்டிய பரிசோதனை இது. உடம்பில் ஏதாவது தெரிந்த பிறகு போனால், அது பரிசோதனை அல்ல, சிகிச்சை.

இந்திய பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பக புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருப்பது கர்ப்பப்பை வாய் புற்றுநோய். 2022-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்ததாகவும், சுமார் 80 ஆயிரம் பேர் பலியானதாகவும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு மதிப்பிட்டுள்ளது. அதாவது 7 நிமிடத்துக்குள் ஒரு பெண் சாகிறார்.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் வராமலே தடுத்துவிடக்கூடிய நோய் இது. ஆனாலும் பரிசோதனைக்கு போனவர்கள் ரொம்ப குறைவு. மத்திய அரசு 2019 முதல் 2021 வரை நடத்திய தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் 9.8 சதவீதம் பேர்தான் ஒரு முறையாவது இந்த பரிசோதனை செய்திருந்தனர். நாடு முழுவதும் பார்த்தால் அது 1.9 சதவீதம்தான். நம் மாநிலம் பரவாயில்லை என்றாலும், நூற்றுக்கு 90 பேர் இன்னும் அந்த அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை என்பதுதான் நிலைமை.

உலகத்துக்கு பாடம் சொன்ன திண்டுக்கல்

இந்த பரிசோதனைக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒட்டன்சத்திரம் அருகே உள்ள அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையத்தை தளமாக வைத்து, 2000-ம் ஆண்டு முதல் 2003-ம் ஆண்டு வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமம் கிராமமாக சென்று, 30 முதல் 59 வயது வரை உள்ள 31 ஆயிரத்து 343 பெண்களுக்கு பரிசோதனை செய்தனர்.

விலை உயர்ந்த எந்திரம் எதுவும் கிடையாது. அசிட்டிக் அமிலம் கலந்த தண்ணீர், பஞ்சு, நல்ல வெளிச்சம். இவ்வளவுதான்.

அதன் முடிவு 2007-ம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. பரிசோதனை வசதி கொடுக்கப்பட்ட ஊர்களில், கொடுக்கப்படாத ஊர்களைவிட நோய் வந்தவர்கள் 25 சதவீதம் குறைவு. செத்தவர்கள் 35 சதவீதம் குறைவு. ஒரே ஒரு தடவை செய்த சோதனைக்கு கிடைத்த பலன் இது.

இதே முறையை தமிழக அரசு 2007-ம் ஆண்டு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முயற்சியாக தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், அரசு ஆஸ்பத்திரிகளிலும் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசமாக செய்யப்படுகிறது.

வலி இருக்காது, அதுதான் ஆபத்து

கர்ப்பப்பையின் அடிப்பக்கம், பிறப்புறுப்புக்குள் வந்து முடியும் குறுகலான பகுதிதான் கர்ப்பப்பை வாய். இங்கு புற்றுநோய் வருவதற்கு காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவு மூலம் தொற்றும் இந்த வைரஸ், வாழ்நாளில் எப்போதாவது ஒரு முறை பெரும்பாலானோருக்கு வந்து போகிறது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். பெரும்பாலும் 2 வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும்.

சிலருக்கு மட்டும் அது போகாமல் தங்கிவிடும். அப்படி தங்கினாலும் உடனே புற்றுநோய் ஆகிவிடாது. சாதாரண எதிர்ப்பு சக்தி உள்ள பெண்களுக்கு 15 முதல் 20 வருடம் வரை ஆகும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே வந்துவிடலாம்.

இத்தனை வருடமும் வலி இருக்காது. ரத்தப்போக்கு இருக்காது. மில்லுக்கும் காட்டு வேலைக்கும் வழக்கம்போல போய்க்கொண்டிருப்பார்கள். ஆனால் கர்ப்பப்பை வாயில் மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். அந்த மாற்றத்தை புற்றுநோய் ஆவதற்கு முன்பே பிடிப்பதுதான் இந்த பரிசோதனையின் வேலை.

வைரஸ் இருப்பது தெரியவந்தால் அதை வைத்து மனைவி மீது கணவனோ, கணவன் மீது மனைவியோ சந்தேகப்படுவது தவறு. எந்த வருடம், யாரிடம் இருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சு போடக்கூடாது.

யார் போக வேண்டும்?

30 முதல் 65 வயது வரை உள்ள பெண்கள் 5 வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். எச்.ஐ.வி. பாதிப்பு உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும், இன்னும் குறைந்த இடைவெளியில் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

"எனக்கு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சு", "வீட்டுக்காரர் தவறி 10 வருஷம் ஆச்சு", "எனக்கு தீட்டே நின்னு போச்சு" என்று சொல்லி ஒதுங்குபவர்கள் உண்டு. இந்த மூன்றுமே காரணம் ஆகாது. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனில் கருக்குழாயைத்தான் கட்டுகிறார்கள், கர்ப்பப்பை வாய் அப்படியேதான் இருக்கும். வைரஸ் எப்போதோ வந்து பல வருடம் தங்கியிருக்கலாம் என்பதால் கணவரை இழந்தவர்களும், பிரிந்து வாழ்பவர்களும் போக வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அமிலம் தடவி பார்க்கும் முறை சரியாக தெரியாமல் போகலாம் என்பதால் வேறு முறையில் பரிசோதிப்பார்கள்.

கர்ப்பப்பையை எடுத்தவர்கள், கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்தார்களா, எதற்காக எடுத்தார்கள் என்று ஆபரேஷன் சீட்டை காட்டி டாக்டரிடம் கேட்க வேண்டும். சிலருக்கு மேல்பகுதியை மட்டும் எடுத்திருப்பார்கள்.

எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனைக்கு போகத்தான் வேண்டும். எல்லா வகை வைரசையும் தடுப்பூசி தடுத்துவிடாது.

எந்த நாளில் போகலாம்?

மாதவிடாய் நாட்களில் போகக்கூடாது. ரத்தம் இருந்தால் எதுவும் தெளிவாக தெரியாது. மாதவிடாய் தொடங்கிய நாளில் இருந்து எண்ணி 10-ம் நாள் முதல் 20-ம் நாள் வரை நல்ல சமயம். முந்தைய மாதவிடாய் தொடங்கிய தேதியை காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டால் நர்சு கேட்கும்போது சொல்ல வசதியாக இருக்கும்.

கர்ப்பமாக இருந்தாலும், நாள் தள்ளிப்போயிருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குழந்தை பெற்றவர்கள் குறைந்தது 6 வாரம் கழித்து, டாக்டரிடம் கேட்டுவிட்டு போகலாம்.

தயிர் போல வெள்ளைப்படுதல், அரிப்பு, நாற்றம் இருந்தால் அதற்கு முதலில் மருந்து கொடுத்து, சரியான பிறகு பரிசோதனைக்கு வரச்சொல்வார்கள். "திருப்பி அனுப்பிட்டாங்க" என்று கோபித்துக்கொண்டு விட்டுவிடக்கூடாது. சொன்ன தேதியில் மறுபடி போக வேண்டும்.

2 நாள் முன்பு என்ன செய்யக்கூடாது?

பரிசோதனைக்கு 2 நாள் முன்பு இருந்து இவற்றை தவிர்க்க வேண்டும்:-

* தாம்பத்திய உறவு கூடாது.

* பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரை, கிரீம், கருத்தடை ஜெல்லி கூடாது. டாக்டர் சொல்லி வைத்துக்கொண்டிருந்தால் அவரிடம் கேட்டுவிட்டு தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

* சோப்பு, உப்பு தண்ணீர், டெட்டால் போட்டு உள்ளே கழுவக்கூடாது. இதை எப்போதுமே செய்யாமல் இருப்பது நல்லது. வெளியே தண்ணீர் விட்டு கழுவினால் போதும்.

ரோமத்தை சவரம் செய்துவிட்டுத்தான் போக வேண்டுமா என்று பலர் வெளியே கேட்க கூச்சப்பட்டு தள்ளிப்போடுகிறார்கள். தேவையே இல்லை. அவசரத்தில் பிளேடு வைத்து கீறிக்கொள்வதுதான் மிச்சம்.

வெறும் வயிற்றில் போக வேண்டியது இல்லை. வழக்கம்போல சாப்பிட்டுவிட்டு போகலாம். அதே நாளில் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் வரச்சொல்லி இருந்தால் மட்டும் அதன்படி செய்ய வேண்டும்.

என்ன உடை, என்ன கொண்டு போகணும்?

புடவை, உள்பாவாடை கட்டிப்போனால் வசதி. முழுவதும் அவிழ்க்க வேண்டியது இல்லை, இடுப்பு வரை தூக்கிக்கொண்டால் போதும். சுடிதார் போட்டு போகிறவர்கள் கால்சட்டையை கழற்ற வேண்டியிருக்கும். மேல் டாப் நீளமாக இருந்தால் மறைவாக இருக்கும்.

ஒரு நாப்கின் கையில் இருப்பது நல்லது. பரிசோதனைக்கு பிறகு லேசாக ரத்தக்கசிவு இருக்கலாம்.

ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, பழைய ஆஸ்பத்திரி சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு கொண்டு போக வேண்டும். நடக்கிற செல்போன் நம்பரை கொடுக்க வேண்டும். பலர் கணவர் அல்லது மகனின் பழைய நம்பரை கொடுத்துவிடுகிறார்கள். ரிசல்ட் சொல்ல நர்சு கூப்பிடும்போது போன் சுவிட்ச் ஆப். அத்தோடு விஷயமே முடிந்துவிடுகிறது.

தனியாக போக தயக்கமாக இருந்தால் அக்கா, தங்கை, நாத்தனார், பக்கத்து வீட்டு பெண் யாரையாவது துணைக்கு அழைத்துப்போகலாம். நாலு பேர் சேர்ந்து போனால் பயமும் குறையும், நாலு பேருக்கும் சோதனை ஆகிவிடும்.

அறைக்குள் என்ன நடக்கும்?

முதலில் வயது, கல்யாணம் ஆன வருடம், குழந்தைகள், கடைசி மாதவிடாய் தேதி, வெள்ளைப்படுதல், ரத்தப்போக்கு பற்றி கேட்பார்கள். இதில் எதையும் மறைக்க தேவையில்லை. காப்பர்-டி போட்டிருந்தால் சொல்ல வேண்டும். அது இருந்தாலும் பரிசோதனை செய்யலாம்.

பிறகு சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்வார்கள். திரை மறைவில் மேஜையில் மல்லாந்து படுத்து, பிரசவத்துக்கு படுப்பதுபோல முழங்காலை மடக்கி அகட்டி வைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் பெண் நர்சுகள்தான் பரிசோதிக்கிறார்கள். ஆண் டாக்டராக இருந்தால் பெண் நர்சு கூட இருக்க வேண்டும் என்று கேட்கலாம். அது பெண்களின் உரிமை.

வாத்து அலகு போன்ற 'ஸ்பெகுலம்' என்ற கருவியை உள்ளே வைத்து மெதுவாக விரிப்பார்கள். அப்போதுதான் கர்ப்பப்பை வாய் கண்ணுக்கு தெரியும். இது கத்தி அல்ல, எதையும் வெட்டாது. இறுக்கமாக, சில்லென்று இருக்கும். உடம்பை இறுக்கினால்தான் வலிக்கும். வாயை லேசாக திறந்து மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, இடுப்பை மேஜையில் படிய வைத்தால் சிரமம் தெரியாது. வலித்தால் "கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்லலாம்.

அதற்கு பிறகு 3 முறைகளில் ஒன்றை செய்வார்கள்.

அமிலம் தடவி பார்ப்பது: வி.ஐ.ஏ. என்று இதை சொல்கிறார்கள். சமையலுக்கு பயன்படுத்தும் வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை தண்ணீரில் கலந்து, பஞ்சில் தொட்டு தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாக மாறும். லேசாக எரியலாம். ரிசல்ட் அப்போதே தெரிந்துவிடும்.

பாப் ஸ்மியர்: சிறிய பிரஷ் அல்லது குச்சியால் கர்ப்பப்பை வாயை வருடி செல்களை எடுத்து கண்ணாடி தகட்டில் பூசி லேப்புக்கு அனுப்புவார்கள். ரிசல்ட் வர சில நாட்கள் ஆகும்.

எச்.பி.வி. பரிசோதனை: வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாக பார்ப்பது. சில இடங்களில் பெண்களே தாங்களாக மாதிரி எடுத்துக்கொடுக்கவும் முடியும். மராட்டிய மாநிலம் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், இந்த பரிசோதனையை ஒரே முறை செய்ததில் இறப்பு சுமார் பாதியாக குறைந்தது 2009-ம் ஆண்டு தெரியவந்தது. தனியாரில் செய்வதாக இருந்தால் கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

எந்த முறையாக இருந்தாலும் மேஜையில் படுத்திருக்கும் நேரம் சுமார் 5 நிமிடம்தான். முடிந்ததும் எழுந்து வழக்கமான வேலைக்கு போகலாம்.

'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் அல்ல

பரிசோதனையில் பெண்கள் அதிகம் உடைந்து போகும் இடம் இதுதான். "வெள்ளையா தெரியுது" என்று நர்சு சொன்னதும், புற்றுநோயே வந்துவிட்டது என்று நினைத்து அழுவார்கள். வீட்டில் சொல்ல பயந்து மறைப்பார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டார்கள்.

திண்டுக்கல் ஆய்வில் 31 ஆயிரம் பேரில் சுமார் 3 ஆயிரம் பேருக்கு, அதாவது 100-க்கு 10 பேருக்கு இந்த சோதனை பாசிட்டிவ் ஆனது. அவர்களில் மிகமிக சிலருக்குத்தான் புற்றுநோய். மற்றவர்களுக்கு சாதாரண புண், அழற்சி அல்லது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் மட்டுமே.

பாசிட்டிவ் என்றால் அடுத்த கட்டம் 'கால்போஸ்கோபி'. பெரிதாக்கி காட்டும் கருவி மூலம் கர்ப்பப்பை வாயை பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் அரிசி அளவு சதை எடுத்து லேப்புக்கு அனுப்புவார்கள். அதற்கு பெயர் பயாப்சி. பயாப்சி எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்பது கட்டுக்கதை.

புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருப்பது தெரிந்தால், அந்த இடத்தை குளிரவைத்தோ, சூடுபடுத்தியோ அழித்துவிடுவார்கள். குளிர் சிகிச்சைக்கு சுமார் 15 நிமிடம் ஆகும். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு போய்விடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியது இல்லை. சில வாரம் தண்ணீர்போல கசிவு இருக்கும். சுமார் ஒரு மாதம் தாம்பத்திய உறவு கூடாது. ஒரு வருடம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு வர வேண்டும்.

இங்கேதான் ஓட்டை விழுகிறது. திண்டுக்கல் ஆய்வில் இப்படி மாற்றம் கண்டுபிடிக்கப்பட்ட 1,874 பெண்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். மீதி பேர் கண்டுபிடித்தும் சிகிச்சை பெறவில்லை. கூலி போகும், பஸ் செலவு, வீட்டில் விடமாட்டார்கள், பயம் என்று கிராமத்து பெண்களுக்கு தடைகள் பல. ஆனால் பரிசோதனை செய்துவிட்டு பாதியில் நிற்பது, செய்யாமல் இருப்பதற்கு சமம். முதல் நாள் போகும்போதே, தேவைப்பட்டால் இரண்டாவது தடவையும் போகணும் என்று முடிவு செய்துகொண்டுதான் போக வேண்டும். ஒரு நாள் கூலி போனாலும் உயிர் மிச்சம்.

புற்றுநோய் என்றே உறுதியானாலும் ஆரம்ப நிலையில் இருந்தால் குணப்படுத்த முடியும். தகுதி உள்ள குடும்பங்கள் முதல்-அமைச்சரின் காப்பீட்டு திட்டத்தில் சிகிச்சை பெறலாம்.

இந்த அறிகுறி இருந்தால் காத்திருக்க வேண்டாம்

உறவுக்கு பிறகு ரத்தம் வருவது, இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் ரத்தப்போக்கு, மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தம் படுவது, நாற்றத்துடன் அல்லது ரத்தம் கலந்து வெள்ளைப்படுதல், தீராத அடிவயிறு, இடுப்பு வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் முகாம் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரை பார்க்க வேண்டும். "முன்னாடி சோதனையில ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களே" என்று சும்மா இருக்கக்கூடாது.

கணவர்கள் கவனத்துக்கு

மனைவியை அழைத்துப்போய் வாசலில் காத்திருந்தாலே பாதி பயம் போய்விடும். அன்று ஒரு நாள் சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டால் அது பெரிய உதவி. "அதெல்லாம் எதுக்கு" என்ற ஒரு வார்த்தையால் பல பெண்களின் சோதனை நின்றுபோகிறது.

மறக்கக்கூடாதவை

* மாதவிடாய் முடிந்த பிறகு, 10 முதல் 20-ம் நாளுக்குள் போக வேண்டும்.

* 2 நாள் முன்பு உறவு, உள் மருந்து, உள்ளே கழுவுதல் கூடாது.

* சாப்பிட்டுவிட்டு போகலாம். சிறுநீர் கழித்துவிட்டு படுக்க வேண்டும்.

* பழைய சீட்டு, காப்பீட்டு அட்டை, நாப்கின், சரியான செல்போன் நம்பர்.

* ரிசல்ட் எப்போது, எங்கே, யாரிடம் என்று கேட்டு எழுதி வாங்காமல் கிளம்பக்கூடாது.

* நன்றாக இருந்தால் அடுத்த பரிசோதனை தேதியை சீட்டில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரமாக வைக்க வேண்டும்.

பரிசோதனை எந்த கிழமை நடக்கிறது என்ற விவரத்தை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது கிராம சுகாதார நர்சிடம் கேட்டு தெரிந்துகொள்ளலாம். மருத்துவ சந்தேகங்களுக்கு தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும் பேசலாம்.